தட்டில் நுண்கீரை: ஒரு தட்டு பூஞ்சை பிடித்தது, ஒரு தட்டு சாய்ந்தது, ஏன்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: நாற்றாக இருக்கும்போதே வெட்டி உண்ணும் நுண்கீரை வளர்க்க, தட்டில் தென்னைநார்த்தூள் பரப்பி முள்ளங்கி விதை தூவினீர்கள். மூன்றாம் நாள் வெள்ளையாகப் படர்ந்திருந்ததால் பூஞ்சை என்று கொட்டிவிட்டீர்கள். அடுத்து விதைத்த கடுகு அழகாக வளர்ந்தது. ஆனால் ஆறாம் நாள் அடித்தண்டு அழுகித் திட்டுத்திட்டாகச் சாய்ந்துவிட்டது. எங்கே தவறு, எந்த விதை எவ்வளவு போடுவது, இத்தனை பாடுபடும் அளவுக்கு அதில் சத்து இருக்கிறதா, வெட்டிய பிறகு மறுபடி துளிர்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் தட்டை நீங்கள் கொட்டியிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். முள்ளங்கி விதை முளைத்த இரண்டாம், மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போல ஒன்று தெரியும். அது வேர்த்தூவி. செடி நீரை உறிஞ்சுவதற்காக வேரிலிருந்து நாலாபுறமும் நீட்டுகிற நுண்ணிய இழைகள் அவை. முள்ளங்கி, கடுகு, புரோக்கோலி போன்ற கோசுக் குடும்பத்து விதைகளில் இவை கண்ணுக்கு நன்றாகவே தெரியும். மூடியைத் திறந்ததும் தட்டு முழுவதும் வெண்மையாகப் பூத்திருப்பதைப் பார்த்தால் பயப்படாதவர் குறைவு. நல்ல தட்டுகள் எத்தனையோ இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். தெளிப்பானில் நீரெடுத்து அந்த வெண்மையின் மேல் இரண்டு முறை தெளியுங்கள். வேர்த்தூவியாக இருந்தால் நனைந்து வேரோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான வெறும் வேர் மட்டும் தெரியும். ஈரம் குறைந்ததும் பஞ்சு மறுபடி எழுந்து நிற்கும். பூஞ்சை அப்படி மறையாது, நனைந்து சோர்ந்தாலும் நூலாம்படை நூலாம்படையாகவே கிடக்கும். இன்னொரு அடையாளம், அது இருக்கும் இடம். வேர்த்தூவி ஒவ்வொரு நாற்றின் வேரையும் ஒட்டி, எல்லா நாற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். பூஞ்சையோ முளைக்காத விதை அல்லது உடைந்த விதை ஒன்றில் தொடங்கி, ஒரு நாற்றிலிருந்து அடுத்த நாற்றுக்குப் பாலம் போட்டபடி படரும். சாம்பல் நிறமும் தட்டலாம். மூன்றாவது மணம். நல்ல தட்டைத் திறந்தால் பச்சை வாடை வரும். பூஞ்சை பிடித்த தட்டில் நாள்கணக்கில் மடித்து வைத்த ஈரத்துணியின் முடைநாற்றம் அடிக்கும். பழகிய பின் மூக்கே முதலில் சொல்லிவிடும்.

இரண்டாவது தட்டுக்கு வந்தது உண்மையான நோய்தான். நாற்றங்கால் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிரிகள் இதற்குக் காரணம். மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்தது போலாகி, பழுப்பேறி, நூல்போல் மெலியும். மேலே இலை பச்சையாகவே இருக்க, நாற்று அடியில் மடங்கி விழும். ஓரிடத்தில் தொடங்கி வட்டமாக விரியும். அதனால்தான் நீங்கள் சொன்ன ‘திட்டுத்திட்டு’. இது வந்தபின் மருந்து கிடையாது. இன்னும் சில நாளில் அப்படியே தின்னப்போகிற கீரையில் மருந்தடிப்பதை நினைத்தும் பார்க்கக்கூடாது. அந்தத் தட்டை அப்புறப்படுத்திவிட்டுத் தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் உலர்த்துங்கள்.

அது ஏன் வந்தது? நீங்கள் எழுதியதில் இரண்டு வரிகள் என் கண்ணில் பட்டன: “காலையும் மாலையும் மேலே தண்ணீர் தெளித்தேன்”, “விதையை நெருக்கமாகவே போட்டேன்”. இரண்டும் அக்கறையில் செய்தவை. ஆனால் தட்டில் வளரும் நாற்றுக்கு அந்த அக்கறையே தீங்காகிறது.

விதை தன் முதல் வார உணவைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. கடுகிலும் முள்ளங்கியிலும் அந்தக் கட்டுச்சோறு இருப்பது விதைக்குள்ளேயே இருக்கும் இலைகளான வித்திலைகளில். அவை மண்ணுக்கு மேலே வந்து பச்சையாகி, இதய வடிவ இரட்டை இலையாக விரிகின்றன. பட்டாணியில் வித்திலைகள் அடியிலேயே தங்கிவிடும். தண்டு மட்டும் மேலே வரும். நுண்கீரை என்பது வித்திலை நன்றாக விரிந்து, அதற்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை எட்டிப்பார்க்கும் பருவத்தில் வெட்டி எடுப்பது. சேமிப்பு தீர்ந்து செடி மண்ணிடம் கையேந்துவதற்கு முன்பே நாம் அறுவடை செய்துவிடுகிறோம். ஆகவே உரம் வேண்டாம். பெரும்பாலான விதைகளுக்கு வெறும் தென்னைநார்த்தூளே போதும். நாம் கொடுக்க வேண்டியவை வேருக்கு நீரும் காற்றும், இலைக்கு ஒளியும். வேருக்குக் காற்று வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நார்த்தூள் சொதசொதவென்று இருந்தால் இடைவெளிகளில் காற்று போய் நீர் நிற்கும்; வேர் மூச்சுத்திணறும்; பித்தியம் போன்ற நீர்விரும்பிகளுக்கோ அதுவே கொண்டாட்டம்.

எனவே முதல் நாளே ஈரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நார்த்தூளை நீரில் ஊறவைத்து, உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாத நார்த்தூளில் உப்பு மிகுந்திருந்தால் முளைப்பே தடைபடும். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்தால் சரி. தாரையாக வழிந்தால் இன்னும் பிழிய வேண்டும். சொட்டே வராமல் கை திறந்ததும் உதிர்ந்தால் கொஞ்சம் நீர் சேர்க்க வேண்டும். இதை இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிச் சமன் செய்யுங்கள். மேடுபள்ளம் இருந்தால் பள்ளத்தில் நீர் தேங்கும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

தட்டு இரண்டு வேண்டும். அடியில் துளையுள்ள தட்டில் விதைப்பு. துளையில்லாத தட்டு அதற்குக் கீழே. முதல் மூன்று நாட்கள் மட்டும் மேலே மெல்லிய தெளிப்பு, அதுவும் காய்ந்திருந்தால். வேர் இறங்கியதும் மேலே தெளிப்பதை அடியோடு நிறுத்திவிடுங்கள். கீழ்த்தட்டில் அரை சென்டிமீட்டர் நீர் ஊற்றி, 10 அல்லது 15 நிமிடம் உறிஞ்ச விட்டு, மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். கொட்டிவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘நாளைக்கும் ஆகட்டும்’ என்று விட்டுவைத்த அந்த நீரால் நான் இழந்த தட்டுகள் ஒன்றிரண்டல்ல. எப்போது ஊற்றுவது என்பதற்கு நேரக்கணக்கு வைக்க வேண்டாம். தட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். நீர் குடித்த தட்டு கனக்கும். குடித்து முடித்தது தக்கையாக வரும். நாலைந்து தட்டு வளர்த்தால் கைக்கே அந்த எடை பழகிவிடும். இலை நனையாமலும் தண்டைச் சுற்றிக் காற்று ஓடியபடியும் இருந்தால் உங்கள் கடுகுத் தட்டுக்கு நேர்ந்தது பெரும்பாலும் மறுபடி நேராது. அறையில் காற்றோட்டம் குறைவென்றால் ஒரு சிறு மின்விசிறியைத் தள்ளி வைத்து, நாற்று மெல்ல அசையும் அளவுக்கு ஓடவிடுங்கள்.

அடுத்து விதையின் அளவு. கீழே சொல்வது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தட்டுக்கு. உங்கள் தட்டு அதில் பாதி என்றால் அளவையும் பாதியாக்குங்கள். முள்ளங்கி 25 முதல் 30 கிராம். கடுகும் புரோக்கோலியும் 12 முதல் 15 கிராம். தண்டுக்கீரை விதை மிகப் பொடி, 8 முதல் 10 கிராமே தட்டை நிறைத்துவிடும். சூரியகாந்தி 100 முதல் 120 கிராம். பட்டாணி 200 முதல் 250 கிராம், இது ஊறவைப்பதற்கு முந்தைய எடை. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றும். வெறும் நார்த்தூளில் கிடக்கும் பொடி விதைகளைப் பார்க்கும்போது ‘இவ்வளவுதானா’ என்று தோன்றி கை தானாக இன்னொரு சிட்டிகை போடும். அந்தச் சிட்டிகைதான் ஆறாம் நாள் அழுகுகிறது. பொடி விதைகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. இரண்டு விதைகளுக்கு நடுவே இன்னொரு விதை கிடக்கும் அளவு இடம் இருக்கட்டும். பட்டாணியும் சூரியகாந்தியும் மட்டும் தோளோடு தோள் உரசிக் கிடந்தாலும் தாங்கிக்கொள்ளும்.

பெரிய விதைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி வடித்துவிட்டு விதையுங்கள். பொடி விதைகளுக்கு ஊறல் தேவையில்லை. திருநீற்றுப்பச்சை, ஆளி போன்றவற்றை ஊறவைக்கவே கூடாது. நீர் பட்டதும் வழுவழுப்பான கூழ் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பரப்ப முடியாது. உலர்ந்தபடியே தூவி மேலே பனித்துளி போல நீர் தெளித்தால் போதும். கொத்தமல்லி விதை என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்த காய். லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து போட்டால் சீராக முளைக்கும்.

விதைத்ததும் மண் போட்டு மூட வேண்டாம். இன்னொரு தட்டைக் கவிழ்க்காமல் அப்படியே மேலே வைத்து, அதன்மேல் ஒன்று அல்லது இரண்டு கிலோ பாரம் ஏற்றுங்கள். முளைக்கும் விதையின்மேல் பாரம் ஏற்றுவதா என்று முதலில் மனம் துணுக்குறும். காரணம் இருக்கிறது. மேலே அழுத்தம் இல்லாவிட்டால் வேர் நார்த்தூளுக்குள் இறங்காமல் நாற்றையே மேலே தள்ளிவிடும். நாற்று வேர் தெரிய மல்லாந்து கிடக்கும். பாரம் இருந்தால் வேர் கீழே போயே ஆக வேண்டும், தண்டும் தடிக்கும், விதைத்தோலும் சுலபமாகக் கழன்றுவிடும். சூரியகாந்தியில் இதைப் பார்த்துதான் நம்ப வேண்டும். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தால் மேல்தட்டு, அதன்மேல் இருந்த செங்கல், எல்லாம் சேர்ந்து இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கும். அடியில் நூற்றுக்கணக்கான வளைந்த கழுத்துகள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். எத்தனை தட்டு வளர்த்தாலும் அந்தக் காட்சிக்காக நான் இன்னும் காலையில் ஆவலோடு போகிறேன். திருநீற்றுப்பச்சை, தண்டுக்கீரை போன்ற மென்மையான நாற்றுகளுக்குப் பாரம் வேண்டாம், மூடி மட்டும் போதும்.

இருட்டில் இருக்கும் நாற்று ஒளியைத் தேடி நீளும். பச்சையம் உருவாகாததால் வெளிர்மஞ்சளாக இருக்கும். இரண்டு அல்லது மூன்று நாளில், நாற்று மூடியை முட்டும்போது, வெளிச்சத்துக்கு மாற்றிவிடுங்கள். சில மணி நேரத்திலேயே பச்சை ஏறுவதைப் பார்க்கலாம். இருட்டில் அதிக நாள் விட்டால் தண்டு நூலாக நீண்டு நோயில்லாமலேயே சாயும். சன்னலோர வெளிச்சம் போதும். ஒரே பக்கம் சாயாதிருக்கத் தினம் தட்டைத் திருப்பி வையுங்கள். வெளிச்சம் போதாத வீட்டில் சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டி, நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம். விலையுயர்ந்த ஊதாநிற விளக்கு எதுவும் இதற்குத் தேவையில்லை. உச்சி வெயிலில் மட்டும் நேரடியாக வைக்காதீர்கள், மெல்லிய தட்டு ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும்.

எந்த விதையில் தொடங்குவது என்றால் தயங்காமல் முள்ளங்கி என்பேன். ஒரு வாரத்தில் வெட்டலாம். சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பிறகு கடுகு. அது கைவந்த பின் பட்டாணியும் சூரியகாந்தியும், ஏறக்குறைய 10 முதல் 14 நாள். சூரியகாந்தியை முதல் உண்மை இலை வருவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்; அதன்பின் கசக்கும். கொத்தமல்லிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் மூன்று வாரப் பொறுமை வேண்டும். அறையின் வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருந்தால் எல்லாம் நன்றாக வரும். 30 டிகிரியைத் தாண்டினால் பட்டாணியும் புரோக்கோலியும் திணறும். தண்டுக்கீரைக்கு வெப்பம் பிடிக்கும்.

விதை வாங்கும்போது ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். வயலில் விதைப்பதற்காகப் பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையை எந்தக் காரணத்தாலும் பயன்படுத்தக்கூடாது. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று இயற்கையில் இல்லாத நிறம் பூசியிருக்கும். கையில் தேய்த்தால் சாயம் ஒட்டும். எனக்கே ஒருமுறை ஒரு கடையில் அப்படிப்பட்ட விதையைச் சாதாரண விதை என்று கொடுத்துவிட்டார்கள். ஊறவைத்த நீர் இளஞ்சிவப்பாக மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. உண்பதற்காக விற்கும் விதை அல்லது நுண்கீரைக்கென்றே விற்கும் விதை வாங்குங்கள். எல்லா நாற்றும் உண்ணத்தக்கது என்றும் எண்ண வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் நாற்றுகளைத் தின்னக்கூடாது. சோள நாற்றில் சயனைடை வெளிவிடும் சேர்மம் உண்டு. ராஜ்மா வகை அவரைகளைப் பச்சையாக முளைவிட்டுத் தின்றால் அதிலுள்ள லெக்டின் என்னும் புரதம் கடும் வாந்தியைத் தரும். அழகுக்காக வளர்க்கும் பூப்பட்டாணி நச்சுத்தன்மை கொண்டது. உண்ணும் பட்டாணியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சத்து பற்றிக் கேட்டீர்கள். ‘நாற்பது மடங்கு சத்து’ என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு மூலம், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அந்நாட்டு வேளாண்மைத் துறையும் 25 வகை நுண்கீரைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு. அதில் 100 கிராமுக்கு வைட்டமின் சி 20 மில்லிகிராமிலிருந்து 147 மில்லிகிராம் வரை வேறுபட்டது. முதலிடம் சிவப்பு முட்டைகோஸ் நாற்றுக்கு. முற்றிய சிவப்பு முட்டைகோஸில் இது சுமார் 57 மில்லிகிராம். ஆக, கூடுதல் சத்து உண்மைதான். ஆனால் எல்லாக் கீரையிலும் எல்லாச் சத்தும் நாற்பது மடங்கு என்று பொருளில்லை. அதே ஆய்வில் ஒளியில்லாமல் வெளிர்மஞ்சளாக வளர்த்த பட்டாணி, மக்காச்சோள நாற்றுகளில் வைட்டமின்கள் குறைவாகவே இருந்தன. ஒளி காட்டி வளர்ப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நாம் ஒரு வேளைக்குத் தின்பது 20 அல்லது 30 கிராம்தான். இது வழக்கமான காய்கறிக்கு மாற்று ஆகாது, அதோடு சேர்த்துக்கொள்வது. நான் வளர்ப்பதற்கு முதல் காரணம் சுவை. வெட்டிய அரைமணியில் வாயிலிடும் முள்ளங்கி நாற்றின் காரத்தைப் பையில் அடைத்த கீரை எதுவும் தராது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே நிறைந்த கீரைகளைத் திடீரெனக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பச்சையாக உண்பதால் சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். முளைகட்டிய தானியமும் நுண்கீரையும் ஒன்றல்ல. முளையை ஈரமும் கதகதப்புமான மூடிய பாத்திரத்தில் வளர்த்து வேரோடும் விதையோடும் தின்கிறோம். கிருமி பெருகுவதற்கும் அதே சூழல் ஏற்றது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நுண்கீரை வெளிச்சத்திலும் காற்றிலும் வளர்கிறது, வேரை விட்டுத் தண்டை மட்டும் வெட்டுகிறோம். ஆகவே அபாயம் குறைவு. ஆனாலும் இல்லையென்று ஆகிவிடாது. குடிக்கும் நீரையே ஊற்றுங்கள், கை கழுவிவிட்டு வெட்டுங்கள், அரைகுறையாக மக்கிய சாணஉரம் கலந்த மண்ணைத் தட்டில் போடாதீர்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் வேகவைத்தே பரிமாறுவது நல்லது.

அறுவடைக்கு முன் 12 மணி நேரமாவது நீர் ஊற்ற வேண்டாம். கூரான கத்தரிக்கோலால் நார்த்தூளிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்துதான் அழுகும். உடனே தின்னப்போவதை மட்டும் கழுவுங்கள். மீதியைக் கழுவாமல், உலர்ந்த காகிதத் துண்டு விரித்த டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து முதல் ஏழு நாள் வரை நன்றாக இருக்கும்.

மறுபடி துளிர்க்குமா என்றால், கடுகும் முள்ளங்கியும் சூரியகாந்தியும் துளிர்க்காது. வெட்டும்போது வளரும் நுனியும் சேர்ந்தே போய்விடுகிறது. பட்டாணி மட்டும் விதிவிலக்கு. அதன் தண்டில் கீழிருந்து முதல் கணுவை விட்டு அதற்கு மேலே வெட்டினால் அந்தக் கணுவிலிருந்து புதுத்தளிர் வரும். இரண்டாம் வெட்டு முதலாவதைவிடக் குறைவாகவும் சற்று நாராகவும் இருக்கும். மற்றத் தட்டுகளில் எஞ்சுவது வேர் பின்னிய பாய். அதைச் சுருட்டி எடுத்தால் முழுதாகக் கையோடு வந்துவிடும். அதன்மேலேயே மறுபடி விதைக்காதீர்கள். அழுகும் வேர்களில் பூஞ்சை தயாராகக் காத்திருக்கும். பிய்த்து மக்கும் குழியிலோ பூந்தொட்டி மண்ணின் அடியிலோ போட்டுவிட்டு, தட்டைக் கழுவி உலர்த்தி, புதிய நார்த்தூளில் முள்ளங்கியை 25 கிராம் எடைபோட்டுத் தூவுங்கள். மூன்றாம் நாள் வெண்மை தெரிந்தால் முதலில் தெளிப்பானால் தெளித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.